வீடியோ கேமுக்கும் வாசகசாலையில் இடம்: நம் மன்றத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நாகர்கோவிலிலிருந்தும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களிலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மழைக்கு ஒழுகிய வாசகசாலைக் கூரையைச் சரிசெய்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, வீடியோ கேமை ஒரு கலையாகப் பார்த்து அதன் வரலாற்றைப் பேசிய தொடர் கூட்டங்கள். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் சாமானை மன்றத்துக்குள் கொண்டுவரலாமா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் சினிமாவையும் ஒரு காலத்தில் நம் வீடுகளில் இப்படித்தான் பேசினார்கள்.

1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான 'ஸ்பேஸ்வார்', 1972-இல் வந்த 'பாங்' இரண்டையும் சீக்கிரமே பேசி முடித்தோம். ஜப்பானியர் டொமோஹிரோ நிஷிகாடோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) மட்டும் ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் கேம் அது. வீழ்த்த வீழ்த்த எதிரிகள் குறைவார்கள், மிஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் கருவி தானாகவே விரைந்து ஓடியதுதான் காரணம். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். கடைசி எதிரியைத் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது அதனால்தான். விளையாட்டின் விதியும் ஆடுகிறவர் கையும் சேர்ந்தால் மட்டுமே பிறக்கும் உணர்ச்சி அது. இந்தக் கலைக்கே உரிய அழகு அதில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'பேக்-மேன்', 'டெட்ரிஸ்' உள்ளிட்ட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 'சூப்பர் மாரியோ'வுக்கு 1985-இல் கோஜி கோண்டோ அமைத்த இசையை, காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-இல் ஏற்றது. அந்த இசையைப் போட்டதும், சின்ன வயதில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி ஆடிய அண்ணன்மார் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மனதுக்கு மிக நெருக்கமாக இருந்தது 'வெண்பா' என்ற கேமைப் பற்றிய கூட்டம். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை, ஆடுகிறவர் சமைத்துச் சமைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இட்லியோடு புட்டும் வருகிறது. அதுவரை ஒதுங்கியிருந்த அக்காமார் அன்று திரைக்கு முன்னால் வந்து மாவு, தேங்காய், ஆவி என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. கூட்டம் முடிந்தும் பேச்சு ஓயவில்லை.

அடுத்த ஆண்டு பழைய டிவி கேம் கருவிகளையும் கேசட்டுகளையும் திரட்டி வாசகசாலையில் ஒரு அலமாரி வைக்க விரும்புகிறோம். பரணில் கிடப்பதை, ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கொண்டுவந்து தாருங்கள்; ஆக்கர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்