மூன்றாவது பின்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. ஹாஸ்டலுக்கு அவர்கள் கொடுத்தனுப்பும் முறுக்கு டப்பாவை நான் இன்னும் மறக்கவில்லை. கட்டுப் பிரித்ததும் முதலில் யாரைப் பார்த்தார்கள் என்று எழுது.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் காலேஜில் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். நான் வழக்கம்போலக் காலையில் கிரீன் லைன் மெட்ரோ பிடித்து பீன்யாவில் இறங்கி, பட்டறைக்குப் போய், பவர் சப்ளைகளோடும் டெஸ்ட் கருவிகளோடும் பொழுதைக் கழித்துவிட்டு ராத்திரி வருகிறேன். வேலைக்குக் குறைவில்லை.

நீ ஆஸிலோஸ்கோப் வாங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷம் ஒரு மல்டிமீட்டரையும் காதையும் வைத்துக்கொண்டே டிவி ரிப்பேர் செய்தவன் நீ. அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்ததும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த பக்கத்தைத்தான் காட்டவில்லை. "முதல் நாளே எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போர்டில் ஸ்கோப் கிளிப்பைப் போட்டதும் டமார் என்றது. பிரிட்ஜ் போச்சு, கிளிப் ஒயர் கருகிப் போச்சு. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டேன். இப்போது பிரச்சினை இல்லை. குமிழைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது, பழகிவிட்டது."

அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அன்று ராத்திரியே போன் செய்து ஸ்கோப்பைத் தொடாதே என்றேன். நீயும் 'சரி சரி' என்றாய். அந்த 'சரி சரி'யை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஸ்கோப் சாக்கெட்டில் இருந்தால், எழுந்துபோய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி.

அன்று டமார் என்றது ஸ்கோப்பின் குற்றம் இல்லை. ப்ரோப்பின், அதாவது அளக்கும் ஒயரின், கறுப்புக் கிளிப் ஸ்கோப்பின் உள்ளே, ப்ரோப் மாட்டும் பிஎன்சி சாக்கெட்டின் வெளி வளையத்தோடும், இரும்புப் பெட்டியோடும், பிளக்கின் மூன்றாவது பின்னோடும் நேராகச் சேர்ந்திருக்கிறது. மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை நீ எங்கே வேண்டுமானாலும் வைப்பாய், அது பேட்டரியில் ஓடுவதால் யாரோடும் உறவில்லை. ஸ்கோப்பின் கிளிப் அப்படி இல்லை. அதை ஒரு இடத்தில் மாட்டினாய் என்றால் அந்த இடத்தை எர்த்தோடு கட்டிவிட்டாய் என்று அர்த்தம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மெயின்ஸ் லைனோடு நேராகச் சேர்ந்த பிரைமரி பக்கத்துக் 'கிரவுண்டு' பெயருக்குத்தான் கிரவுண்டு. ஏசியை டிசியாக்கும் நாலு டயோடு பிரிட்ஜின் மைனஸ் முனை அது. ஃபேஸ் பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில் அது நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். அடுத்த அரைச் சுற்றில் ஃபேஸோடு ஒட்டிக்கொண்டு மைனஸ் 325 வோல்ட் வரை இறங்கும். நம் 230 வோல்ட்டின் உச்சம் அதுதான். ஒரு விநாடியில் 50 தடவை இப்படி இறங்கி ஏறுகிற இடத்தில் எர்த்தைக் கொண்டுபோய் மாட்டினால், நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு டயோடுதான். அது வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது பின்னை வெட்டிவிட்டாய். டமார் நின்றுவிட்டது, ஆனால் அந்த 325 வோல்ட் எங்கும் போய்விடவில்லை. எர்த்துக்கு ஓட வழி இல்லாமல் அது ஸ்கோப்பின் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நீ கிளிப்பை எங்கே மாட்டுகிறாயோ அந்த வோல்ட்டேஜில்தான் பெட்டி, ஸ்க்ரூ, பிஎன்சி வளையம், அடுத்த சேனலின் கிளிப் எல்லாமே இருக்கும். உனக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் குமிழின் மேல் உள்ள பிளாஸ்டிக் மட்டும்தான்.

லேசாகச் சுரீர் என்கிறதே, அது போர்டில் எதையும் மாட்டாதபோதும் இருக்கும். கவனித்துப் பார்த்திருப்பாய். ஸ்கோப்பின் பவர் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு, ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் இருந்தால் அவற்றின் வழியாக வரும் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில், கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். அதில் வரும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. கிளிப் ஹாட் பக்கத்தில், அதாவது பிரைமரியில், இருக்கும்போது வருவது அந்தக் கப்பாசிட்டர் வழியாக வரும் துளி இல்லை சேகர். அது நேராக லைன். 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து. சுரீருக்குப் பழகிவிட்ட கை பெரிய ஷாக்குக்கு முன்னால் எச்சரிக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1994இல் நான் இங்கே ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்த புதிது. கேஜிஎஃப்காரர் ஒருவர் எனக்கு சீனியர். தங்கவயலில் சுரங்க வேலை குறைந்ததும் ஊரைவிட்டு வந்தவர். எனக்குச் சாலிடரிங் அயனைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மழைக்காலம், தரையெல்லாம் ஈரம். காலையில் ஒரு பவர் சப்ளையை அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது, நான் ஸ்கோப்பின் எர்த்தைக் கழற்றிவிட்டேன். உன்னைப் போலத்தான், வேலை முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை, பிளக்கில் ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. சாயங்காலம் அண்ணன் அதே பெஞ்சில் உட்கார்ந்து, கிளிப் ஹாட் பக்கத்தில் மாட்டியிருக்கும்போதே வலது கையால் ஸ்கோப்பின் கேபிளைத் திருகினார். இடது கை பக்கத்திலிருந்த சிக்னல் ஜெனரேட்டரின் மேல் இருந்தது. அதற்கு எர்த் சரியாக இருந்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, நெஞ்சு வழியாக.

நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்ததால் கை விடுபட்டது. பிழைத்தார். இடது உள்ளங்கையில் கருகின வட்டம் ஆற ஒரு மாதம் ஆனது. பிளக்கைப் பார்த்துவிட்டு, "யார் இதைச் செய்தது?" என்று ஒரு தடவை கேட்டார். நான்தான் என்றேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போது கை நடுங்காது என்று நினைக்கிறேன்.

சரி, உன் கடைக்கு வருகிறேன். புதுப் பின் போடுவது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா? உன் கடை இருக்கும் வரிசை பழைய கட்டடம். இங்கேயும் அதே கதைதான். பெங்களூரில் 1905லேயே தெருவிளக்கு மின்சாரத்தில் எரிந்தது என்று ஊரே பெருமைப்படும். ஆனால் எங்கள் தெருவில் பழைய வீடுகளில் இன்னும் இரண்டு பின் சாக்கெட்டும், மூன்றை இரண்டாக்கும் அடாப்டரும் உண்டு. மூன்று ஓட்டை இருந்தாலும் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கலாம். அதைவிட மோசம், சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். என்றாவது வழியில் நியூட்ரல் அறுந்தால், கடையில் உள்ள ஒவ்வொரு இரும்புப் பெட்டியிலும் 230 வோல்ட் நிற்கும். அதனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த சாக்கெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்.

அடுத்தது மண்ணில் ராடு புதைக்கும் எர்த் குழி. பீன்யாவில் இந்தக் கொட்டகையை எடுத்தபோது எர்த் இருக்கிறது என்று ஓனர் சொன்னதை நம்பினேன். அப்புறம் ஒரு ஏப்ரலில் எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்தால் 14 ஓம். லால்பாக் பாறையைப் பார்த்திருக்கிறாயே, இந்த ஊரில் பல இடத்தில் மண்ணுக்குக் கீழே அந்த மாதிரிப் பாறைதான். வெயில் காலத்தில் மேல்மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும். 14 ஓம் என்றால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. 230 வோல்ட், 14 ஓம், 16 ஆம்பியர் சொச்சம். என் பெஞ்சுக்கு 16 ஆம்பியர் எம்சிபி, அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் பிரேக்கர். ஃபேஸ் பெட்டியில் முழுசாக ஒட்டினாலும் எம்சிபி அசையாது, பெட்டி அப்படியே உயிரோடு இருக்கும். பச்சை ஒயர் இருந்தும் பயன் இல்லை.

இரண்டாவது குழி ஒன்று தோண்டி, மூன்று மீட்டர் ராடு இறக்கி, பழையதோடு சேர்த்த பிறகு 4 ஓமுக்கு வந்தது. கோடையில் வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். அதோடு பெஞ்சுக்கென்று, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டேன். எர்த் சுமாராக இருந்தாலும் கசிவைக் கண்டு அது விழுந்துவிடும். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். உன் கடைக்கு உடனே செய்ய வேண்டியது இந்த ஆர்சிசிபிதான், குழியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

பின் போட்டுவிட்டால் பிரைமரியை எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். எர்த்திலிருந்து பிரிக்க வேண்டியது ஸ்கோப்பை இல்லை, போர்டை. இரண்டு சுருளும் ஒன்றோடொன்று ஒட்டாத 230க்கு 230 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, அதிலிருந்து போர்டுக்கு மட்டும் சப்ளை கொடு. ஸ்கோப் வழக்கம்போல எர்த்தோடு சுவரில் இருக்கட்டும். அப்போது ஹாட் கிரவுண்டில் கிளிப்பை மாட்டினால் ஒன்றும் வெடிக்காது. உன்னிடம் இருக்கும் வேரியாக்கை இதற்கு நம்பாதே. அதில் ஒரே சுருள்தான், வோல்ட்டைக் குறைக்குமே தவிர லைனிலிருந்து பிரிக்காது. நம்மோடு படித்தவர்களே பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதென்று தைரியமாகவும் இருந்துவிடாதே. கிளிப்பை மாட்டின நொடியில் போர்டின் ஒரு முனை எர்த்தோடு சேர்ந்துவிட்டது. பெரிய கப்பாசிட்டரின் பிளஸ்ஸில் உள்ள 320 வோல்ட் உன்னை அடிக்கும், அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே சுற்றி வருவதால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. இரண்டு சேனலின் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான், இரண்டு வேறு இடத்தில் மாட்டினால் ஷார்ட். அதனால் சப்ளையை அணைத்து, கப்பாசிட்டரின் சார்ஜை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டு, அப்புறம் ப்ரோப்பை மாட்டு. ஆன் செய்தபின் ஒரு கை மடியில் இருக்கட்டும். சப்ளையை ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் முனையைப் பார்ப்பதானால் அங்கே 600 வோல்ட் வரை துள்ளலாம், ப்ரோப்பில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து, போதாவிட்டால் வோல்ட்டை நூறில் ஒரு பங்காக்கும் 100 மடங்கு ப்ரோப் வாங்கு.

எர்த்தோடு கட்டாமல் இரண்டு இடத்துக்கு நடுவில் அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் இருந்தால் எல்லாவற்றிலும் உத்தமம். விலை அதிகம், பிறகு வாங்கலாம். அதுவரை இரண்டு சேனலையும் பயன்படுத்தி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும் வழி இருக்கிறது, கிளிப் இரண்டையும் எங்கும் மாட்டக் கூடாது. சின்ன சிக்னல் துல்லியமாக வராது, ஆனால் வேலை ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போதும்.

தம்பி யுஎஸ்பி ஸ்கோப் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். வாங்கிக் கொடு. ஆனால் லேப்டாப் சார்ஜர் மூன்று பின்னாக இருந்தால் யுஎஸ்பி வழியாக அதுவும் எர்த்தில்தான் இருக்கும் என்று சொல்லு. லைன் பக்கம் அதை எடுத்துப் போகவே வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறார், 500 விஏ ஐசோலேஷன் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கிடைக்கும். அவுட்புட்டின் இரண்டு முனையும் எர்த்தோடு சேராமல் இருக்கிறதா என்று நானே பார்த்து அனுப்புகிறேன். அதோடு மூன்று பின் உள்ள புது பவர் கேபிள் இரண்டும், ஒரு ஆர்சிசிபியும் வைக்கிறேன். பணம் என்று பேச்சை எடுக்காதே, இத்தனை நாள் தின்ற முறுக்குக் கணக்கில் கழித்துக்கொள். பஸ் பார்சலில் போடுகிறேன், ரசீது நம்பரைப் போனில் சொல்கிறேன்.

அந்த வெட்டின பழைய கேபிளை மட்டும் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்பி வை. கடையில் கிடந்தால் என்றாவது அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். அது என் கைக்கு வந்து சேர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ராஜா