ஹாம்ப்டன் ரோட்ஸிலிருந்து

நியூபோர்ட் நியூஸ், வர்ஜீனியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். குளிர் விட்டுவிட்டது, அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டியும் தீர்ந்துவிட்டது.

புது ஆபீஸ் அக்கரையில் இருக்கிறது. கொஞ்ச தூரம் கடல்மேல் பாலம், கொஞ்ச தூரம் கடலுக்கடியில் சுரங்கம் என்று தினமும் போய்வருகிறேன். அந்தப் பாதைக்கே மானிட்டர், மெரிமாக் என்ற இரண்டு போர்க்கப்பல்களின் பெயர்தான். ஹாம்ப்டன் ரோட்ஸ் என்றதும் சாலை என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் நீர்ப்பரப்பு அது. வெளிக்கடலில் நின்ற கப்பல்களுக்குத் தோணி ஓட்டிய தாத்தாவுக்குச் சொன்னவுடன் புரிந்திருக்கும்.

1862-இல் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர். எரிந்து மூழ்கிய மெரிமாக்கின் அடிப்பாகத்தைத் தூக்கியெடுத்து, மேலே இரும்புத் தகடு போர்த்து, வர்ஜீனியா என்று பெயர் மாற்றித் தெற்குக்காரர்கள் கொண்டுவந்தார்கள். மார்ச் 8 அன்று அது கம்பர்லாந்து என்ற மரக்கப்பலை முட்டியே மூழ்கடித்தது. காங்கிரஸ் என்ற இன்னொன்று எரிந்துபோனது. மறுநாள் காலை எதிரே வந்து நின்றது வடக்கின் மானிட்டர். நீர்மட்டத்தோடு ஒட்டிய தட்டையான தளம், நடுவில் சுழலும் வட்டக் கோபுரம், அதற்குள் இரண்டே பீரங்கிகள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் சுட்டுக்கொண்டார்கள். இரும்பை இரும்பால் உடைக்க முடியவில்லை. மானிட்டரின் தலைவர் வொர்டனுக்குக் கண்ணில் அடி. அந்த இரண்டு இரும்புக் கப்பல்களிலும் அன்றைக்கு உயிர்போனவர் யாரும் இல்லை. ஜெயித்தது தாங்கள்தான் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மெரிமாக் என்று சொல்லிப் பாருங்கள், "வர்ஜீனியா" என்று உடனே திருத்துவார். பாலத்தின் பெயர்மேல் அவருக்குத் தீராத கோபம்.

அந்த ஆண்டு முடியும் முன்பே மானிட்டர் புயலில் மூழ்கி, 16 பேர் இறந்துபோனார்கள். 2002-இல் அதன் கோபுரத்தை மேலே எடுத்தார்கள்; உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. போன சனிக்கிழமை இங்குள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஓர் அங்குலத் தகடுகளை எட்டு அடுக்காக வைத்துச் செய்த கோபுரம், காரம் கலந்த நீர்த்தொட்டியில் தலைகீழாக ஊறிக்கொண்டிருக்கிறது. இரும்புக்குள் இறங்கிய கடல் உப்பை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளியேற்றுகிறார்கள். அப்படியே காயவிட்டால் தகடு செதில் செதிலாக உரிந்துவிடுமாம்.

எனக்கு நம் வீட்டு மாடி ஜன்னல் கம்பிதான் நினைவுக்கு வந்தது. கை வைத்தால் துரு பொடியாக ஒட்டுமே! இந்தக் கோடையிலாவது அதைச் சுரண்டி பெயின்ட் அடித்தீர்களா? பணம் அனுப்பியிருக்கிறேன். நீங்களே ஏணியில் ஏறவேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

உங்கள் அன்பு மகன்