சமுதாயக் கூடத்துச் சாவி கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பறையிசைக் குழுவின் மனு உங்களுக்குப் புதிதல்ல. மூன்று முறை கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி முதல் 7 மணி வரை, விசேஷம் எதுவும் இல்லாத வாரங்களில் மட்டும், பயிற்சிக்காகச் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். வாடகை கேட்டாலும் கட்டுகிறோம் என்று எழுதியே கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது மனுவை எடுத்துக்கொண்டு வந்த அன்று உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "கல்யாணம், காதுகுத்து என்று நல்ல காரியம் நடக்கிற இடம். அங்கே போய்ப் பறையை அடித்தால் எப்படி?" என்றார்கள். எங்கள் ஆசான் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய பேத்தியும் நின்றிருந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், குழுவில் எல்லோருக்கும் இளையவள். படியிறங்கும்போது, "நாம் அடித்தால் என்ன ஆகும், தாத்தா?" என்று கேட்டாள். பஸ் வந்துவிடும், வேகமாக நட என்றார் அவர்.

கூடம் இல்லாமல் நாங்கள் படும் பாட்டைச் சொல்கிறேன். பறையின் தோல் ஈரத்தைத் தாங்காது. கொஞ்சம் குளிர்ந்தாலே தொய்ந்துவிடும். குச்சி பட்டால் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல் சத்தம் வரும். வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, அந்த அனலில் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினால்தான் தோல் விறைத்துக் குரல் எழும். போன ஐப்பசி முழுவதும் கண்மாய்க் கரை மரத்தடியில்தான் பயிற்சி. ஒரு ஞாயிறு தூறல் விடவே இல்லை. நாலைந்து பேர் தார்ப்பாயை விரித்துப் பிடிக்க, அதன் கீழே ஆசான் தீ மூட்டினார். புகை கண்ணை மறைத்தது. காற்று ஒரு பக்கமாக வீச, தீ எகிறி, அவருடைய பறையின் தோல் ஓரத்தில் பொசுங்கிக் கிழிந்தது. வேப்பஞ்சட்டமும் புளியங்கொட்டைப் பசையுமாக அவர் தன் கையாலேயே கட்டிய பறை அது. கிழிந்த தோலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் துண்டில் சுற்றிவைத்தார். அன்றைக்கு வெறும் கைத்தட்டலிலேயே எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். புதுத்தோல் போட எங்கள் இரண்டு மாதச் சந்தா போய்விட்டது.

சந்தா தலைக்கு 50 ரூபாய். 12 ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது. நிகழ்ச்சிக்குப் போனால் வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு கருவிகளுக்கு, மீதியில் ஆளுக்குச் சமபங்கு. ஆசானுக்கு மட்டும் இரண்டு பங்கு. அதையும் நாங்கள் சண்டை போட்ட பிறகுதான் அவர் வாங்குவார். கணக்கு நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நீங்களும் வந்து பாருங்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறோம், அதில் ஐந்து பேர் பெண்கள். இழவு வீட்டுக்கு யாரும் கட்டாயத்தின் பேரில் போகக்கூடாது என்பது முதல் நாள் போட்ட விதி. அதைச் சொன்னவர் ஆசான்தான். சிறுவயதில் ஊர் கூப்பிட்டபோதெல்லாம் போய், விடிய விடிய அடித்துவிட்டு, திண்ணைக்குக் கீழே நின்று கூலி வாங்கியவர் அவர். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, ஒத்தையடி என்று அத்தனை தாளங்களும் அவர் கையில் இருக்கின்றன. எழுதிவைத்த பாடம் எதுவும் கிடையாது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் அவசரம் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

பறை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று எந்த நூல் சொல்கிறது? ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்தவர்கள் நம் முன்னோர். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது இந்தப் பறைக்காகத்தான். நாடு மரியாதை செய்யும் கருவிக்கு ஊர்ப் பொதுக்கட்டடத்தில் இடமில்லை என்றால், தடுப்பது தோல் கருவியை அல்ல, அதைத் தூக்கி வருகிறவர்களைத்தான் என்று நாங்கள் நினைக்க வேண்டியிருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு அரசியலமைப்பில் இருக்கிறது. அதை நினைவூட்டும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள்.

சத்தம்தான் காரணம் என்றால், அதே கூடத்தில் வரவேற்பு நாட்களில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரவு பத்து மணிக்கு மேலும் அலறுவதைத் தெருவே கேட்கிறது. அதைக் கேட்க ஆளில்லை. டெங்கு ஒழிப்பு ஊர்வலம், நெகிழிப் பை ஒழிப்பு, வாக்காளர் விழிப்புணர்வுப் பேரணி என்றால் மட்டும் முதல் தொலைபேசி எங்களுக்குத்தான் வருகிறது. நாங்களும் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து, வெயிலில் முன்னால் நடக்கிறோம். கடைசிப் பேரணிக்குப் பேசிய தொகை இன்னும் வரவில்லை. அது தனிக் கதை. அதற்குத் தனியாக மனு தருகிறோம்.

இப்போது கேட்பது கூடம் மட்டும்தான். ஞாயிறு மாலை 4 முதல் 7 வரை. தீ மூட்டுவதைக் கூடத்துக்குப் பின்னால் உள்ள காலியிடத்தில் வைத்துக்கொள்கிறோம், சாம்பலையும் நாங்களே அள்ளிவிடுகிறோம். கூட்டிப் பெருக்கி, விளக்கு, விசிறிகளை அணைத்துப் பூட்டித் தருகிறோம். கரண்ட் பில்லில் எங்கள் பங்கையும் கட்டுகிறோம். மறுப்பதாக இருந்தால், காரணத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் உங்கள் கையெழுத்துடன் எழுதிக் கொடுங்கள்.

சம்மதம் என்றால், வரும் ஞாயிறு சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஆசானின் பேத்தியையே அனுப்புகிறோம். அவள் கையில் கொடுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
பறையிசைக் குழுவின் செயலாளர்