சங்கிலியும் சீலையும்

அன்புள்ள நண்பனுக்கு,

முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று எழுதியிருந்தாய். நிம்மதி. நான் ஒரு வாரமாக வயல் வரப்பிலேயே கிடக்கிறேன். தம்பி பாகம் பிரிக்கக் கேட்டான், நிலத்தை அளக்கிறோம்.

வயலின் எல்லையையும் அளவையும் வரைந்து காட்டும் பழைய புலப்பட நகலைப் பார்த்துக் குழம்பிப் போனேன். அளவு அடியிலும் இல்லை, மீட்டரிலும் இல்லை. "லிங்க் ஐயா" என்றார் சர்வேயர். 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி ஒரு லிங்க். 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த கணக்கு. நீளம் 500, அகலம் 400 என்றால் பெருக்கி, ஐந்து இலக்கம் தள்ளிப் புள்ளி வை, இரண்டு ஏக்கர். வாய்ப்பாடே போதும்! நமக்குப் பள்ளியில் இதைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டார்களே.

அன்றிரவு தூக்கம் வராமல், இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டனைப் பற்றிப் படித்தேன். 1802இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை, ஏறக்குறைய ஏழரை மைல், 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்திருக்கிறார். வெயிலில் எஃகு நீளுமே? அதற்காகச் சங்கிலிக்கு நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானியும் வைத்தார்களாம். அளந்தவர்களுக்கு யார் நிழல் கட்டினார்களோ! 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே நிமிர்த்தியிருக்கிறார்.

நீ தமிழாசிரியன், இதைச் சொல்: படம் என்றால் முதலில் சீலை, பிறகுதான் அதில் தீட்டிய சித்திரம், இல்லையா? ஆங்கில 'மேப்' வந்த லத்தீன் 'மாப்பா'வுக்கும் துணி என்றுதான் பொருளாம். இரண்டு மொழிகளும் ஊரை ஒரு துணியில் விரித்துப் பார்த்திருக்கின்றன. வெள்ளைக்காரன் அளக்க வந்து நம்மிடமிருந்து 'புறம்போக்கு' என்ற சொல்லையும் தன் ஏட்டுக்கு எடுத்துக்கொண்டான். அதற்கு ஈடான சொல் அவனிடம் இல்லை போலும்.

எங்கள் வேலைதான் முடியவில்லை. வடகிழக்கு மூலைச் சர்வே கல்லைக் காணோம். வேப்ப மரத்தடியில் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் சர்வேயர். சின்ன வயதில் நாம் வாதாங்கொட்டை உடைப்போமே, ஒரு கல், அது மரத்துக்கு எந்தப் பக்கம்? நினைவிருந்தால் உடனே எழுது. வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வருகிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்