பழைய தண்ணீர் என்று கொட்ட வேண்டாம்

அல்சூர், பெங்களூரு
10 மார்ச் 2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பள்ளி விட்ட நேரத்தில் வாசலில் நின்றிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிலைத் திறந்து, பாதிக்கு மேல் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு மூடியைத் திருகினான். ஏனப்பா என்று கேட்டேன். "பழைய தண்ணீர் டீச்சர். நாளைக்கு அம்மா புதுத் தண்ணீர் ஊற்றித் தருவார்" என்றான். அவனுக்குப் பின்னால் வந்த நான்கு பேரும் அதையே செய்தார்கள்.

அவன் அக்கா நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு. காவேரித் தண்ணீர் வருகிற நாளில் முதல் பீரியட் முடிந்துதான் வருவாள். தெருக்குழாயிலிருந்து இரண்டாம் மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கி வைத்த பிறகுதான் அவளால் தலை வாரிக்கொள்ள முடிகிறது. அவள் தூக்கிய தண்ணீரைத்தான் தம்பி வாசலில் கொட்டினான். அவர்கள் அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த வீட்டின் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழாயில் காற்றுச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? முந்தாநாள் பிடித்து வைத்த குடத்தைக் கவிழ்க்கிறோம். என் அம்மா செய்தார், நானும் பல வருடம் செய்திருக்கிறேன். கிணற்றடியில் கொட்டிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று. இங்கே சாக்கடைக்குப் போகிறது. கழுவிய குடத்தில் பிடித்து, மூடி வைத்து, கையை உள்ளே விடாமல் நீளக் கரண்டியால் மொண்டால் நல்ல தண்ணீர் இரண்டு நாளில் கெட்டுவிடாது. டெங்குக் கொசு முட்டையிடத் தேடுவது திறந்து கிடக்கும் பாத்திரத்தை. வாரம் ஒருமுறை குடத்தைத் தேய்த்துக் கழுவினால் போதும். அப்படியும் குடிக்க மனம் ஒப்பவில்லையா, துணி அலச வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பள்ளம் நோக்கி ஓடும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். நம் ஊருக்கு அது மேடேறி வருகிறது. காவேரி ஆற்றுத் தண்ணீரைத் தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் மறுபடி பம்பு வைத்து ஏற்றி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய காவேரிக் குடிநீர் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவருவதற்கானது. அது முக்கியமாகப் புறநகரின் 110 கிராமங்களுக்காக வந்தது. நம் தெருக்களில் தண்ணீர் விடும் முறை மாறவில்லை. குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த 2024 மார்ச் நினைவிருக்கிறதா? டேங்கர் வராமல், சாப்பிட்ட கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல், இரண்டு நாள் பிள்ளைகளை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினேன். அந்த நிலை மறுபடி வரக் கூடாது என்பதுதான் என் கவலை.

பள்ளி வாசலில் ஓர் அண்டா வைத்திருக்கிறோம். பாட்டிலில் மிஞ்சியதைப் பிள்ளைகள் அதில் ஊற்றுகிறார்கள். முதல் நாள் மாலையே அது தளும்பியது. அந்தத் தண்ணீரை வேப்பங்கன்றுகளுக்கு விடுகிறோம். பள்ளியில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடுகிறது. அதையும் டிரம்மில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துகிறோம். அதில் உப்பு அதிகம், செடிக்கு வேண்டாம்.

வரும் சனிக்கிழமை, 15ஆம் தேதி காலை 8 மணிக்கு, கோடை மழைக்கு முன்பாக மொட்டை மாடியையும் மழைநீர்க் குழாய்களையும் சுத்தம் செய்கிறோம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். குழாய் வேலை, கொத்து வேலை தெரிந்தவர்கள் அவசியம் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வரும் நாளில் தாமதமாக வருகிறவர்களுக்கு இனி தாமதக் குறி போட மாட்டோம். சீருடை துவைக்காமல் இருந்தாலும் கேட்க மாட்டோம். ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அப்படி வந்த 11 பேரில் ஒருவன்தான் பையன். குடம் தூக்க மகன்களையும் எழுப்புங்கள். அந்த நாட்களில் எட்டாம் வகுப்புக்கு முதல் பீரியட் கணக்கு.

அன்புடன்,
தலைமையாசிரியை