திக்கும் குழந்தைக்கு ‘மெதுவாப் பேசு’ மருந்தல்ல

ஆசிரியருக்கு,

திக்கிப் பேசும் பிள்ளை துறுதுறுவென்றும் இருந்துவிட்டால், ‘அவசரம்தான் காரணம்’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குவது. அதில் மரபணுவுக்கும் மூளையின் பேச்சு இயக்கத்துக்கும் பங்குண்டு. ஆனால், சில பிள்ளைகளுக்குக் கவனச் சிதறலும், தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமையும் கூடவே இருக்கும். அவர்களுக்குப் பயிற்சியின் வடிவத்தையே மாற்ற வேண்டும்: நீண்ட அமர்வைப் பத்துப் பத்து நிமிடமாக உடைப்பது, ஒரு நேரத்தில் ஒரே உத்தி, யார் முறை என்று காட்டக் கையில் ஒரு பந்து. இதையெல்லாம் செய்யாமல் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவது சிகிச்சையாளரின் சோம்பல்.

‘மெதுவாப் பேசு’ என்றால், பேசுவதோடு பேச்சைக் கண்காணிக்கும் வேலையும் பிள்ளை தலையில் ஏறுகிறது. கவனம் சிதறும் பிள்ளைக்கு அது இன்னும் பாரம். பதிலாக, பெற்றோரே, நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். அவன் முடித்ததும் 1–2 விநாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். அண்ணன், அக்கா குறுக்கிடாமல், கைப்பேசி இல்லாமல் தினமும் 5 நிமிடம் அவனோடு மட்டும் இருங்கள்.

கவனக் குறைவுக்கு மருந்து தொடங்கினால், திக்கல் கூடுகிறதா என்று தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

– பேச்சு சிகிச்சையாளர் ஒருவர்