தெருமுனையில் ஒரு வளைவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புத் தெருக்களை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைக்கும் திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கூடவே வெளியான வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பச்சை நிறத்தில் சைக்கிள் தடம், இருபுறமும் மரங்கள், மரத்தடியில் பெஞ்சு. எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. தெருமுனையை மட்டும் யாரும் தொடவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 31 ஆண்டுகள் சாலை வரைபடம் வரைந்து சம்பளம் வாங்கியவன் நான். கிளைத்தெரு பெரிய சாலையில் சேரும் இடம் வந்தால் என் கை தானாகவே காம்பஸை 9 மீட்டர் ஆரத்துக்கு விரிக்கும். லாரி எப்படித் திரும்பும் என்று காட்டுகிற பிளாஸ்டிக் அச்சு ஒன்று மேசையில் கிடக்கும். அதை வைத்துப் பார்த்து, சக்கரம் ஓரக்கல்லில் ஏறாது என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. நடப்பவருக்கென்று அப்படி ஓர் அச்சு அந்த மேசையில் இருந்ததே இல்லை. ஏன் இல்லை என்று கேட்க எனக்கும் தோன்றியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வளைவை நடந்து கடக்கிறேன். என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கைத்தடியோடு நடப்பதால் ஓர் எட்டுக்கு அரை மீட்டர்தான் நகர்வார். எங்கள் தெருமுனையைக் கடக்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவார். 34 எட்டு. தெருவின் அகலமோ 7 மீட்டர். 14 எட்டில் முடிய வேண்டியது எப்படி 34 ஆயிற்று என்று ஒருநாள் கேட்டார். விடை எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் நேரம் பிடித்தது.

மூலையை 9 மீட்டர் ஆரத்தில் வளைத்துவிட்டால், ஓரக்கல்லிலிருந்து ஒரு மீட்டர் உள்தள்ளி நேராக நடந்து வருபவருக்கு நடைபாதை ஏறக்குறைய 5 மீட்டர் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. எதிர்ப்புறத்திலும் அதே கதைதான். 7 மீட்டர் தெரு 17 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆரத்தை 3 மீட்டராகக் குறைத்தால் கடக்கும் தூரம் எட்டரை மீட்டர், அதாவது சரிபாதி. இன்னொன்றும் உண்டு. அகன்ற வளைவில் கார் வேகம் குறைக்காமலே திரும்பிவிடும். குறுகிய மூலையில் பிரேக்கை மிதிப்பதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வழியில்லை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு விநாடி ஆகிவிடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் வந்த கார் என்றால், உலர்ந்த சாலையில், அதே 14 மீட்டருக்குள் நின்றே போயிருக்கும். நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் 30-ஐ உச்ச வேகமாக வைக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாடு சொன்னது. பலகையில் 30 என்று எழுதிவிட்டு மூலையைப் பழைய வேகத்துக்கே வரைந்தால், ஓட்டுநர் பலகையையா பார்த்துக்கொண்டிருப்பார்?

பேத்திக்குப் பதினொரு வயது. பள்ளிக்கு சைக்கிளில் போகிறாள். அந்த வரைபடத்தில் பச்சைத் தடம் தெருமுனைக்கு முன்னால் நின்றுவிட்டு, தாண்டியபின் மறுபடி தொடங்குகிறது. நடுவில் குழந்தை பறந்தா போகும்? நடைபாதையையும் சைக்கிள் தடத்தையும் அதே உயரத்தில் கிளைத்தெருவின் குறுக்கே கொண்டுபோனால், ஏறி இறங்க வேண்டியது காராகிவிடும். நெதர்லாந்தில் இது அன்றாடக் காட்சி. அந்த நாடு பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று பலர் நினைக்கிறார்கள். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் தெருக்களை வேறு மாதிரி வரையத் தொடங்கினார்கள்.

‘குப்பை லாரி எப்படித் திரும்பும், தீயணைப்பு வண்டி எப்படி வரும்?’ என்று கேட்பார்கள். நானே ஆண்டுக்கணக்காகச் சொன்ன சாக்குதான் இது. எப்போதாவது வரும் பெரிய வண்டி, தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பட்டும். அதற்கு மூலையை ஒட்டி வாகனங்களை நிறுத்தவிடக் கூடாது. நிறுத்தாமல் இருந்தால் கடக்கும் குழந்தையின் தலையும் ஓட்டுநருக்குத் தெரியும். அப்படியும் இடம் போதாவிட்டால், பின்சக்கரம் ஏறிக்கொள்ளும்படி மூலையில் தாழ்வான சரிவுக்கல் பதிக்கலாம்.

கல் பதிப்பதற்கு முன்னால் செய்து பார்க்கவும் முடியும். போன மாதம் ஒரு ஞாயிறு காலை பேத்தியும் நானும் நூலையும் சுண்ணக்கட்டியையும் எடுத்துப்போய் எங்கள் முனையில் 3 மீட்டர் வளைவு வரைந்தோம். கோட்டின் மேல் பழைய அட்டைப்பெட்டிகளை வைத்தோம். ஒரு மணி நேரம்தான். வந்த கார்கள் எல்லாமே நடக்கிற வேகத்துக்கு இறங்கித் திரும்பின. ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கி எங்களைத் திட்டினார். அவரும் மெதுவாகத்தான் திரும்பினார்.

அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தை அரங்கத்தில் வைக்காமல், பள்ளி விடும் நேரத்தில் தெருமுனையில் வையுங்கள் என்று தங்கள் நாளிதழ் வழியாகத் திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தை அவர்கள் கொண்டுவந்தால் போதும். நூலும் சுண்ணக்கட்டியும் என்னிடம் இருக்கின்றன. எட்டுகளை எண்ண என் மனைவி வருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்